ரயில் நின்றுபோன பாதையை என்ன செய்வது?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே நித்தம் போய்வரும் நம் அங்கத்தினர்களுக்கு நெடுஞ்சாலையின் நிலைமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொல்லத்திலிருந்து திருமங்கலம் வரை செல்லும் அந்தத் தேசிய நெடுஞ்சாலையில் கேரளத்துக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகளும், பஸ்களும், கார்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகின்றன. பின்னால் துணிக்கட்டை வைத்துக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிக்கும் நெசவாளியும், காய்கறிக் கூடையுடன் செல்லும் குடியானவரும் தார் விளிம்புக்கு வெளியேயுள்ள மண்ணையே நம்பிச் செல்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் விலையில்லாமல் சைக்கிள் தருகிறது. அதை அச்சமின்றி ஓட்டிச் செல்வதற்குரிய வழி இன்னும் ஏற்படவில்லை. ஆகவே, மோட்டார் வாகனம் புகாத தனிப்பாதை பற்றிய யோசனை எங்கிருந்து வந்தாலும் அதை ஆராய்ந்து பார்ப்பது நமக்கு அனுகூலமே. ரயில் ஓடுவது நின்றுபோன பாதைகளை நடப்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் ஒதுக்கித் தருவது அத்தகைய யோசனைகளுள் ஒன்று. வெளிநாடுகள் சிலவற்றில் இது நடைமுறைக்கு வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

முதலிலேயே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நம் ஊர்களின் வழியே செல்லும் பாதை கைவிடப்பட்ட பாதையன்று. விருதுநகரையும் தென்காசியையும் இணைத்துத் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் 1927-ஆம் ஆண்டில் திறந்த மீட்டர் பாதை அது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. செங்கோட்டைக்கு அப்பால் மலையைக் குடைந்து செல்லும் பகுதி 2010-இல் மூடப்பட்டு, 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இவ்வாறு உயிரோடு இருக்கும் பாதையின்மேல் குறுக்குவழி என்று நடப்பதும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதும் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமாகும். சட்டம் கிடக்கட்டும், மின்சார எஞ்சின் பூட்டிய வண்டி அருகில் வரும்வரை அதிகமாக ஓசை எழுப்புவதில்லை என்பதை நினைவில் வைத்தால் போதும்.

அப்படியானால் இந்தப் பேச்சு நமக்கு எதற்கு? மூன்று காரணங்கள் உண்டு. ரயில் பாதை எங்கும் சாசுவதமானதன்று. பாதையை அகலமாக்கும்போது கூர்மையான வளைவுகளைத் திருத்துவது வழக்கமாகையால், திருத்திய இடங்களில் பழைய மண்கரைத் துண்டுகள் ஒதுங்கிக் கிடக்கும். மில்களுக்கும் கிடங்குகளுக்கும் ஒருகாலத்தில் போட்ட கிளைப் பாதைகளும் அவ்வாறே. இவற்றைவிட முக்கியமான காரணம், தமிழ்நாட்டிலேயே வேறு இடங்களில் ரயில் நின்றுபோன பாதைகளுக்கு நேர்ந்த கதி. அதில் நெசவாளரும் குடியானவரும் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

நமக்கு வடக்கே, மலைக்கு அப்புறத்தில், மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் செல்லும் பாதையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளம். 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942-இல், இரும்புக்கு ஏற்பட்ட தேவையால் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1950-களில் மீண்டும் தண்டவாளம் வந்தது. பிறகு அகலப்பாதை வேலைக்காக 2010-ஆம் ஆண்டு முடிவில் வண்டி நிறுத்தப்பட்டது. தேனி வரை 2022-இலும், போடி வரை 2023-இலும் மறுபடி ஓடத் தொடங்கிற்று. இரண்டு முறை தண்டவாளத்தை இழந்த பாதை இரண்டு முறையும் அதைத் திரும்பப் பெற்றது எப்படி? மண்கரையும் அதன் இருபுற நிலமும் அறுபடாமல் ரயில்வேயின் கையில் இருந்தமையால்தான்.

இனி மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போன பாதையைப் பாருங்கள். 1926-இல் திறக்கப்பட்ட இப்பாதை சுமார் 30 கிலோமீட்டர். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று ஊர் ஊராகத் தொட்டுச் சென்றது. 1980-களின் நடுவில் வண்டி நின்றது, தண்டவாளமும் எடுக்கப்பட்டது. நாற்பதாண்டு ஆகப்போகிறது. ரயில் திரும்ப வேண்டும் என்று அவ்வட்டாரத்து ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நிலமோ ஆளற்றுக் கிடக்கிறது. ஆளற்ற நிலத்தில் முதலில் முளைப்பது முள். அடுத்து முளைப்பது வேலி. தண்டவாளம் போட எஞ்சினீயர் வரும்போது அவருக்குத் தேவைப்படுவது நீண்ட, ஒட்டிய நிலமேயன்றித் துண்டு துண்டான நிலமன்று.

இவ்விடத்தில் நம் நெசவாளருக்குத் தெரிந்த உவமை ஒன்றைச் சொல்லலாம். பாவில் ஓர் இழை அறுந்தால் பிணைத்துவிட்டு நெய்யலாம். ரயில் பாதையில் ஒரு பர்லாங் அறுந்தால் பிணைக்க முடியாது. 30 கிலோமீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கீற்று நிலத்தின் பரப்பு 60 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 148 ஏக்கர். மனைமனையாக விற்றால் 148 ஏக்கருக்கு ஒரு விலை கிடைக்கும். அதே நீளத்தில், வீடுகளும் தோப்புகளும் எழும்பிவிட்ட நாட்டில், அத்தகைய நேர்க் கீற்றைப் புதிதாக வாங்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கான சொந்தக்காரர்களிடம் பேச வேண்டும். ஒருவர் மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். நம் பாட்டன்மார் காலத்தில் ஒரே முறை சேர்த்துக் கொடுத்த சொத்து அது.

நெசவு ஊர்கள் பலவற்றில் பாவடி என்ற பொது நிலம் இருந்தது நினைவிருக்கும். விடியற்காலையில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்க்க நீளமான, நிழலுள்ள வெளி வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் ஒதுக்கிய நிலம். பாவு நீட்டுவோர் குறையக் குறையப் பாவடியும் சுருங்கிற்று. உபயோகப்படுத்துவார் இல்லாத பொது நிலம் நிலைப்பதில்லை; அதற்கு ஒரு குடியிருப்பாளர் வேண்டும். ரயில் போன பாதைக்கு மிகக் குறைந்த செலவில் கிடைக்கக்கூடிய குடியிருப்பாளர் நடப்பவரும் சைக்கிள்காரருமே. அவர்கள் நிலத்தைக் கூறுபோடுவதில்லை, அஸ்திவாரம் தோண்டுவதில்லை, நாள்தோறும் நடமாடுவதால் வேறு யாரும் வேலி போடவும் விடுவதில்லை.

ரயில் கரை சைக்கிளுக்கு எவ்வளவு இசைவானது என்பதையும் சற்று விளக்கவேண்டும். இரும்பின்மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது பிடிமானம் குறைவு. ஆகையால் ரயில் எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் ஏற மாட்டாது. இதனால் ரயில் எஞ்சினீயர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும் பாதையைச் சமமாக்கினார்கள். சமவெளியில் நூறடி தூரத்துக்கு ஓரடிக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்வது வழக்கம். சைக்கிளின்மேல் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓட்டுபவர் 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ, துணிக்கட்டு 40 கிலோ. மொத்தம் 120 கிலோ. இருபது அடிக்கு ஓரடி உயரும் சாலையில் இப்பாரத்தை ஏற்றுவதற்கு, சமதரையில் வேண்டியதற்கு மேல் 6 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை வேண்டும். நூறடிக்கு ஓரடி உயரும் ரயில் கரையில் 1 கிலோ 200 கிராம் போதும். அறுபது வயதைக் கடந்த நெசவாளி இறங்கித் தள்ளாமல் மிதித்துக்கொண்டு போகலாம்.

வளைவுகளும் அகன்றவை, எதிரில் வருவது தூரத்திலேயே தெரியும். மீட்டர் பாதைக்கு இட்ட மண்கரையின் மேற்பரப்பு சுமார் 16 அடி அகலம். இரண்டு சைக்கிள் எதிரெதிராகப் போக, ஓரமாக இருவர் நடக்க, அது போதுமானது. கரை வயலைவிட உயர்ந்திருப்பதால் மழைக்காலத்தில் முழுகாது. ஓடைக்கு ஓடை மதகும் சிறுபாலமும் கட்டித் தயாராக இருக்கும். ஸ்டேஷன் பெரும்பாலும் சந்தைக்கோ மில்லுக்கோ பக்கத்தில் இருப்பதால், பாதை நேரே வேலை செய்யும் இடத்துக்கே கொண்டுபோய்விடும். புதிதாக ஒரு சைக்கிள் பாதை போடுகிறவர் இவ்வளவுக்கும் தனித்தனியே பணம் கொடுக்க வேண்டும்.

இதைத் திறம்படச் செய்துகாட்டிய இடங்களுள் தமிழருக்கு மிக நெருக்கமானது சிங்கப்பூர். அங்கே ஓடியதும் நம்முடையதைப் போன்ற மீட்டர் பாதையே. 1903-இல் தொடங்கிய அந்த ரயில், 1932-இல் தடம் மாற்றப்பட்டுத் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் வந்து முடிந்தது. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களிலும், கேட் காத்தவர்களிலும், ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகம் பார்த்தவர்களிலும் தென்னிந்தியரும் யாழ்ப்பாணத்தாரும் ஏராளம். குயின்ஸ்வே அருகில் தண்டவாளத்தின் ஓரமாக ரயில்வேத் தொழிலாளர் 1930-களில் எழுப்பிய சிறு முனீஸ்வரன் சன்னதி, பின்னர் இடம் பெயர்ந்து, இன்று காமன்வெல்த் டிரைவ் என்னும் தெருவில் பெரிய கோயிலாக விளங்குகிறது.

சிங்கப்பூரும் மலேசியாவும் 1965-இல் பிரிந்தபின் ஒரு விசித்திர நிலை ஏற்பட்டது. சிங்கப்பூர்த் தீவின் நடுவே ஓடிய ரயில் நிலம் மலேசிய ரயில்வேயின் வசமே இருந்தது. இரு அரசாங்கங்களும் 1990-இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டும், அதன் பொருளைப் பற்றி இருபது ஆண்டுகள் வாதாடின. 2010-இல் உடன்பாடு ஏற்பட்டது. 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி இரவு கடைசி வண்டி தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்டது. அதை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். மறுநாளிலிருந்து தீவின் வடகோடியான உட்லண்ட்ஸோடு வண்டி நின்றுவிட்டது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள கீற்று சிங்கப்பூரின் கைக்கு வந்தது.

ஒரு சாண் நிலத்துக்கும் பொன்விலை கொடுக்கும் ஊர் அது. அந்த நிலத்தைக் கூறுபோட்டு விற்றிருந்தால் கஜானாவுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று நாம் கணக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் உடன்பாடு ஏற்பட்ட 2010-ஆம் ஆண்டிலேயே, வண்டி நிற்கும் முன்பாகவே, அங்குள்ள இயற்கைச் சங்கத்தார் ஒரு விரிவான மனுவைத் தயாரித்து, பாதை முழுவதையும் அறுபடாத பசுங்கீற்றாக வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் அளித்தார்கள். அவர்கள் செய்த காரியங்களில் மிகப் புத்திசாலித்தனமானது இந்தக் காலம் பார்த்த செயலே என்பது நம் அபிப்பிராயம். தண்டவாளம் போய், மனைக்கல் நட்ட பிறகு மனுக் கொடுத்து என்ன பயன்?

வண்டி நின்ற மறுநாள் முதல் சில வாரங்கள் தண்டவாளத்தோடேயே பாதையைப் பொதுஜனங்கள் நடந்து பார்க்கத் திறந்துவிட்டார்கள். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நடந்தார்கள். நடந்து பார்த்தவர் எல்லாரும் அந்தப் பாதைக்கு வக்கீலாகிவிட்டார்கள் என்றே சொல்லலாம். பிறகு தண்டவாளங்களைக் கழற்றி மலேசியாவிடம் ஒப்படைத்தார்கள். புக்கிட் தீமாவில் இருந்த சிறு ஸ்டேஷனையும், இரண்டு பழைய இரும்புப் பாலங்களையும் இடிக்காமல் வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யவுமில்லை. நடுப்பகுதியில் 4 கிலோமீட்டர் 2021-இல்தான் செப்பனிட்டுத் திறக்கப்பட்டது. புக்கிட் தீமா ஸ்டேஷன் 2022-இல் திறக்கப்பட்டது. தரையும் சிமெண்டுத் தளமன்று. மண்ணும் ஜல்லியும் புல்லும் கலந்து, மழைநீர் உள்ளே இறங்கும்படி அமைத்த தளம்.

இன்னொரு விவரம் நம் பஞ்சாயத்தார் கவனத்துக்குரியது. பாதையின் தென்பகுதியில் மண்ணுக்கடியில் பெரிய குடிநீர்க் குழாயைப் பதித்திருக்கிறார்கள். மேலே நடைபாதை, கீழே குடிநீர். நீண்ட கீற்று அறுபடாமல் இருந்தால் அதற்கு எத்தனையோ உபயோகம். யாருடைய வீட்டையும் இடிக்காமல், யாருடைய கிணற்றையும் மூடாமல் காரியம் முடிகிறது.

சிங்கப்பூர் பணக்கார நாடு. நம்மால் ஆகுமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரத்தில் இருக்கிறது. பிரிஸ்டலிலிருந்து பாத் நகருக்குச் சென்ற பாதையில் 1966-இல் பிரயாணிகள் வண்டி நின்றது. 1977-இல் அவ்வூர்ச் சைக்கிள்காரர்கள் ஒரு சங்கம் கூடினார்கள். கையில் பெரிய முதல் கிடையாது. மண்வெட்டியும், ஜல்லியும், விடுமுறை நாளில் வந்து வேலை செய்யும் தொண்டர்களும், வேலையற்றோருக்கு அரசாங்கம் ஏற்படுத்திய திட்டத்தின் கீழ் வந்த ஆட்களும்தான் மூலதனம். 1979-இல் முதல் துண்டைப் போட்டார்கள். 1986-இல் 13 மைல் முழுவதும் முடிந்தது. அந்தச் சிறு சங்கமே வளர்ந்து, இங்கிலாந்து முழுவதும் சைக்கிள் வழிகள் அமைக்கும் சஸ்டிரான்ஸ் என்ற ஸ்தாபனமாயிற்று. அதே பாதையில் பிட்டன் என்னுமிடத்தில் பழைய நீராவி வண்டியை ஆர்வலர் சிலர் மூன்று மைல் தூரம் ஓட்டிவருகிறார்கள்; பக்கத்திலேயே சைக்கிள்களும் போகின்றன. நடைபாதை வந்தால் ரயில் ஒருநாளும் திரும்பாது என்று அஞ்சுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த அச்சம் நம் நாட்டில் பலமானது, காரணமில்லாததும் அன்று. கல்கத்தாவில் காளிகாட்டிலிருந்து பால்டா வரை ஓடிய சிறு ரயில் 1957-இல் நின்றது. அதன் நிலம் மோட்டார் ரோடாகி, இன்று ஜேம்ஸ் லாங் சரணி என்ற பெயரோடு விளங்குகிறது. மோட்டாருக்குக் கொடுத்த நிலத்தைத் திரும்பக் கேட்பது ஆகாத காரியம். நடைபாதை அப்படியன்று. அமெரிக்கர் இதற்கென்றே 1983-இல் ஒரு சட்டத் திருத்தம் செய்தார்கள். ரயில் கம்பெனி வண்டியை நிறுத்தினாலும், அந்த நிலத்தைப் பாங்கியில் போட்டு வைத்த பணம் போலப் பாதுகாத்து, தற்காலிகமாக நடைபாதைக்குக் கொடுக்கலாம். பிற்காலத்தில் ரயில் வேண்டுமென்றால் நடைபாதை விலகிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டிலும் தரங்கம்பாடி போன்ற பாதைகளுக்கு இப்படி எழுத்துமூலமான நிபந்தனை ஒன்று செய்துகொண்டால், ரயில் கேட்பவரும் சைக்கிள் கேட்பவரும் ஒரே மனுவில் கையெழுத்திடலாம். இப்போது இரு சாராரும் தனித்தனியே நிற்க, முள் வளர்கிறது.

குடியானவர்களின் ஆட்சேபங்களை நாம் ஒதுக்கிவிட விரும்பவில்லை. “என் பாட்டனிடமிருந்து ரயிலுக்கென்று எடுத்த நிலம், ரயில் இல்லையென்றால் எனக்குத்தானே திரும்ப வேண்டும்?” என்பது முதல் ஆட்சேபம். அமெரிக்காவில் இதே வாதத்தை நிலக்காரர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 1983-ஆம் ஆண்டுத் திருத்தம் செல்லுபடியாகும் என்று 1990-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிற்று. நஷ்டஈடு கோர நிலக்காரருக்கு வழி உண்டு என்றும் கூறிற்று. 2014-இல் வையோமிங் மாகாணத்து வழக்கு ஒன்றில், அந்த நிலம் எந்த நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்பதைப் பார்த்து, நிலக்காரர் பக்கமே தீர்ப்பளித்தது. நம் நாட்டில் நிலைமை வேறு. 1894-ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டத்தின்படி எடுத்த நிலம், எவ்வித வில்லங்கமுமின்றி அரசாங்கத்துக்கே முழுச் சொந்தமாகிவிடும் என்று அச்சட்டம் சொல்லிற்று. ஆகவே திரும்பக் கேட்பது எளிதன்று. கேட்டுக் கிடைத்தாலும், வயலின் நடுவே கல்லும் ஜல்லியும் நிறைந்த மேடு ஒன்றுதான் கிடைக்கும். அதைக் கரைத்துச் சமமாக்கும் கூலியைக் கணக்கிட்டுப் பார்த்தால் நிலத்தின் விலையில் பெரும்பங்கு போய்விடும்.

மற்ற ஆட்சேபங்கள் அன்றாட வாழ்க்கையைச் சேர்ந்தவை. தேங்காயும் மாங்காயும் களவு போகும். அந்நியர் நடமாட்டத்தால் நாய்கள் குரைக்கும். பீடி நெருப்பால் கோடையில் சருகு பற்றும். வண்டியும் டிராக்டரும் குறுக்கே போக வேண்டும். இவற்றுள் கடைசியானதே மிக நியாயமானது. திட்டம் போடும்போதே எந்தெந்தச் சர்வே எண்ணில் குறுக்கு வழி வேண்டும், எந்த மதகின் வழியாக எவருடைய பாசனம் போகிறது என்று பட்டியல் எழுதி, அந்த உரிமையை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும். களவைப் பொறுத்தவரை, ஆளரவமற்ற முட்புதரைவிட நாலுபேர் நடமாடும் பாதையே தோட்டத்துக்குக் காவல் என்பது நம் எண்ணம். பாதையை ஒட்டிய தோட்டக்காரர் இளநீரும், கொய்யாவும், வேர்க்கடலையும் அங்கேயே விற்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைப் போன்ற சரக்குக்குச் சங்கக் கடை ஒன்று போட்டால் நஷ்டம் வராது. ஆனால் சுற்றுலாக் கூட்டத்தை நம்பிக் கடன் வாங்கிக் கட்டிடம் எழுப்புவதை நாம் ஆதரிக்க மாட்டோம். நாள்தோறும் வேலைக்குப் போகும் உள்ளூர் ஜனங்களுக்கு உதவாத பாதை நீடித்து நிற்காது.

இனி வேலை முறை. முதல் வேலை தாலுகா ஆபீஸில். நில வரைபடத்தைப் பெற்று, ரயில்வே எல்லைக் கற்கள் எங்கெங்கே இருக்கின்றன, எவை காணாமற்போயின என்று கூட நடந்து பார்க்க வேண்டும். பிறகு வழியிலுள்ள ஊராட்சிகள் எல்லாம் கிராம சபையில் ஒரே வாசகமாகத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஓர் ஊர் விடுபட்டாலும் பாதை அங்கே அறுந்துவிடும். ரயில்வேயிடம் நிலத்தை விலைக்குக் கேட்பதைவிட, நிலம் அவர்களுடையதாகவே இருக்க, உபயோக அனுமதி கேட்பதே உசிதம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம், உபரி நிலத்தை வியாபார ரீதியில் பயன்படுத்துவதற்கென்று ஓர் ஆணையம் ரயில்வேயில் ஏற்பட்டிருக்கிறது. வரவு தேடும் அமைப்பு முந்திக்கொள்ளும் முன் நம் மனு போய்ச் சேர வேண்டும்.

மண்வேலையில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. தண்டவாளம் எடுத்த பின் கிடக்கும் பெரிய ஜல்லியில் சைக்கிள் ஓடாது. அதை வாரிச் சலித்து, கரையின் சரிவுகளில் மண் அரியாமல் பதிக்கலாம். எஞ்சியதன்மேல் சரளை மண் பரப்பி, நீர் தெளித்து, உருளை விட்டுக் கெட்டிக்க வேண்டும். நடுவில் சற்று உயர்த்தி இருபுறமும் சாய்த்துவிட்டால் மழைநீர் நிற்காது. ரயில் பாலங்களில் பெரும்பாலும் தளம் இராது. கட்டைகளின் இடைவெளியில் கீழே தண்ணீர் தெரியும். அங்கே தளமும் இடுப்புயரக் கைப்பிடியும் இல்லாமல் ஒருவரையும் விடலாகாது. பழைய ரயில்வே கேட் இருந்த இடங்களில் ஒரு மாற்றத்தைச் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முன்பு ரயிலுக்காக லாரி நின்றது; இனி லாரிக்காக நாம் நிற்க வேண்டும். பாதையின் ஒவ்வொரு வாயிலிலும், சைக்கிளும் ஊனமுற்றோர் வண்டியும் நுழையலாம், கார் நுழையலாகாது என்ற அளவில் கல்தூண்கள் நட வேண்டும். மோட்டார் சைக்கிளைத் தடுப்பது தூணால் மட்டும் ஆகாது. ஊராரின் கண்டிப்பு வேண்டும். பெண்கள் மில்லில் இரவு ஷிப்டு முடிந்து வரும் ஊர்களில் விளக்கும், குறித்த தூரத்துக்கு ஒரு காவல் ஆளும் இல்லாவிடில் பாதை பாதிப் பேருக்குத்தான் பயன்படும்.

பராமரிப்புக்குச் சங்கங்களின் பங்கு இங்கேதான் வருகிறது. பாதையை இரண்டு இரண்டு கிலோமீட்டராகப் பிரித்து, நெசவாளர் சங்கம் ஒன்று, பால் சங்கம் ஒன்று, விவசாயக் கடன் சங்கம் ஒன்று என்று பொறுப்பேற்றுக்கொள்ளலாம். வருஷத்தில் இரண்டு முறை மதகுகளைத் தூர்வாருவதும், மாதம் ஒருமுறை சீமைக் கருவேலங் கன்றுகளை வேரோடு பிடுங்குவதுமே முக்கிய வேலை. கருவேலம் கணுக்கால் உயரத்தில் இருக்கும்போது ஒருவர் கையால் பிடுங்கிவிடலாம். தலைக்குமேல் போய்விட்டால் மண்வாரி இயந்திரம் வரவேண்டும்.

நிழலுக்கு வேம்பும் புங்கமும் நம் மண்ணுக்கு ஏற்றவை. கோடையிலேயே குழி எடுத்து ஆறப்போட்டு, ஐப்பசி மழை பிடித்தவுடன் கன்று வைத்தால் முதல் ஆண்டுத் தண்ணீர்ச் செலவு குறையும். கரையின் அடிச்சரிவில் மண்ணைப் பிடித்து நிற்கப் பனையைப்போல் வேறு மரமில்லை. ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை இனாமாகவே கிடைக்கும். பத்தடிக்கு ஒன்று புதைத்துக்கொண்டே போகலாம். மதகுக்கும் பாலத்துக்கும் இருபதடிக்குள் ஆல், அரசு, இத்தி ஆகியவற்றை மட்டும் தலையெடுக்க விடலாகாது. பறவை எச்சத்தில் முளைத்தாலும் அந்த மழையிலேயே பிடுங்கிவிட வேண்டும். அவற்றின் வேர் கட்டுமானத்துக்குள் புகுந்தால், நூறு வருஷம் ரயிலைத் தாங்கிய கல்லையும் பிளந்துவிடும்.